எச்.எம்.எஸ். டிரிங்கோமலி: திருகோணமலையின் பெயரைத் தாங்கிய தேக்குப் போர்க்கப்பல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1817-இல் பம்பாயில் கட்டி முடித்த ஒரு பாய்மரப் போர்க்கப்பல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

திருகோணமலையில் கட்டிய கப்பலா இது?

இல்லை. பம்பாய்க் கப்பல் தளத்தில் கட்டியது. கட்டியவர் பார்சி குடும்பத்தைச் சேர்ந்த தலைமைக் கப்பல் கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. 1735 வாக்கில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லோவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழிவந்தவர். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தத் தளத்தை நடத்தியது. 1810-இல் இதே ஜம்செட்ஜி கட்டிய 'மின்டன்' என்ற 74 பீரங்கிக் கப்பல்தான், பிரிட்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய முதல் பெரும் போர்க்கப்பல்.

பிறகு ஏன் அந்தப் பெயர்?

1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு அப்பால் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனும் மோதினார்கள். ஹியூஸிடம் 12 கப்பல்கள், சுஃப்ரேனிடம் 14. சில நாட்களுக்கு முன்புதான் சுஃப்ரேன் கோட்டையைப் பிடித்திருந்தார். யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். அந்தச் சண்டையின் நினைவாக வைத்த பெயர் இது.

வெல்லாத சண்டையின் பெயரைக் கப்பலுக்கு வைப்பானேன் என்று கேட்கலாம். அந்தத் துறைமுகத்தின் மதிப்பு அப்படி. அன்றைய சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே நின்ற கப்பல் கரையில் மோதி உடையும். கிழக்குக் கரையில் எந்தக் காற்றுக்கும் ஒதுங்கி நிற்கலாம் என்று நம்பக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அது கையில் இல்லாத படை, மழைக்காலம் வந்ததும் மேற்குக் கரைக்கு ஓட வேண்டியதுதான். 1782 அக்டோபரில் ஹியூஸுக்கு நேர்ந்ததும் அதுவே. 1795-இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள்.

'பிரிகேட்' என்றால் என்ன வகை?

ஒரே பீரங்கித் தளம், மூன்று பாய்மரம், நல்ல வேகம். வரிசையில் நின்று சண்டை போடும் பெருங்கப்பல் அல்ல. வேவு பார்ப்பது, வணிகக் கப்பல்களுக்குத் துணை போவது, எதிரியின் சரக்கைப் பிடிப்பது, கடிதம் சுமப்பது, தூர நாடுகளில் கொடி காட்டுவது எல்லாம் அதன் வேலை. டிரிங்கோமலி 'லீடா' வகையைச் சேர்ந்தது. அந்த வரைபடத்தின் மூலம் 1782-இல் ஆங்கிலேயர் பிடித்த 'ஏபே' என்ற பிரெஞ்சுக் கப்பல். பீரங்கித் தள நீளம் சுமார் 150 அடி, அகலம் சுமார் 40 அடி, அன்றைய கணக்கில் 1,065 டன்.

சில இடங்களில் 38 பீரங்கி என்றும் சில இடங்களில் 46 என்றும் இருக்கிறதே?

இரண்டும் சரி. ஆணை தரும்போது 38. குட்டையான 'கரோனேட்' பீரங்கிகளைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கம் அது. 1817-இல் கணக்கிடும் விதியையே மாற்றினார்கள். அதே கப்பல் 46 ஆனது. கப்பலில் எதுவும் கூடவில்லை, ஏட்டில்தான் கூடியது. பிறகு 1845-இல் நிஜமாகவே மாற்றி 26 ஆக்கினார்கள். அது கீழே வருகிறது.

ஏன் தேக்கு? ஓக் மரம் போதாதா?

நெப்போலியனுடன் நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தின் நல்ல ஓக் மரம் தீர்ந்துகொண்டே வந்தது. அது ஒரு காரணம். மரத்தின் குணம் இன்னொன்று.

ஓக்கில் துவர்ப்பு அமிலம் உண்டு. அது இரும்பு ஆணியைத் தின்னும். துருப்பிடித்த ஆணி திரும்ப மரத்தைக் கெடுக்கும். கறுத்த வளையம் தெரிந்தால் ஆணி போய்விட்டது என்று பொருள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பு நெடுநாள் தாங்கும். பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. சூட்டிலும் ஈரத்திலும் ஓக் அளவுக்கு உப்பிச் சுருங்காது என்பதால் பலகை இணைப்புகள் திறந்துகொள்வதும் குறைவு.

குறையும் உண்டு. வளைவான பெரிய கிளைகள் ஓக்கில் கிடைப்பதுபோல் தேக்கில் கிடைப்பதில்லை. தள உத்திரத்தைப் பக்கச் சுவரோடு சேர்த்துத் தாங்கும் 'முழங்கால் தாங்கி'களுக்கு இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும். தேக்கில் அதைத் தேடி எடுப்பது கடினம்.

மரம் வந்தது மலபார்க் காடுகளிலிருந்து. நின்ற மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, ஓரிரு ஆண்டு நின்றபடியே காயவிட்டு, பிறகு வெட்டிச் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும். கீழே கொண்டுவர வேறு வழியும் இல்லை. இந்த மரத்துக்காகவே 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார்க் காடுகளுக்குப் பாதுகாவலராக நியமித்தார்கள். பெயர்தான் பாதுகாப்பு, நடந்தது ஏகபோகம். காட்டுக்குச் சொந்தக்காரர்களும் மர வணிகர்களும் ஓயாமல் எதிர்த்ததில் 1823-இல் அந்தப் பதவியே எடுபட்டது. ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு உள்ள பெயரே நம் 'தேக்கு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

1812-இல் ஆணை கொடுத்து 1817-இல் முடிந்தது. ஐந்து ஆண்டுகள் ஏன்?

வரைபடம் வழியிலேயே பறிபோனது. 'ஜாவா' என்ற பிரிகேட் அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பியது. கூடவே பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களுக்கான செம்புத் தகடும் இருந்தது. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' அதை அடித்து நொறுக்கியது. ஜாவாவைக் கொண்டுபோக முடியாத அளவு சேதம் என்பதால் அமெரிக்கர்கள் கொளுத்திவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து புது வரைபடம் வர வேண்டியதாயிற்று. 1816-இல்தான் ஏராக்கட்டை, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிமரம், வைத்தார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. செலவு சுமார் 23,000 பவுண்டு.

தாமதத்துக்குக் காரணமான அந்தக் கான்ஸ்டிட்யூஷனும் இன்றுவரை பாஸ்டனில் மிதக்கிறது. இரண்டும் தப்பிப் பிழைத்தது ஒரு வேடிக்கை.

வெள்ளி ஆணி அடித்தது உண்மையா?

உண்மை. எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை ஜம்செட்ஜி ஏராக்கட்டையில் அடித்தார். கப்பலுக்கு நன்மை சேரும் என்பது பார்சி மரபு.

எப்படிக் கட்டுவார்கள்? எங்கே கெடும்?

முதலில் ஏரா. அதன் இரு முனையிலும் முன்கம்பமும் பின்கம்பமும். பிறகு வங்குகள், அதாவது விலா எலும்புபோல் இருபுறமும் எழும் வளைந்த சட்டங்கள். எல்லா வங்கும் நிறுத்திய பிறகு சட்டத்தை அப்படியே சில மாதம் காற்றாடவிடுவது நல்ல வழக்கம். அவசரப்பட்டு ஈர மரத்தின்மேல் பலகை அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் மரத்தை உளுத்துப்போக வைக்கும். போர்க்கால அவசரத்தில் கட்டிய கப்பல்கள் சீக்கிரம் செத்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வங்குகளின்மேல் வெளிப்பலகை, உட்பலகை. மர ஆணியும் உலோக ஆணியும் கலந்து அடிப்பார்கள். தளத்தைத் தாங்கும் உத்திரம் பக்கச் சுவரில் சேரும் இடத்தில் முழங்கால் தாங்கி. பீரங்கி சுடும்போது கப்பல் குலுங்குவதையெல்லாம் வாங்கிக்கொள்வது இந்த இடம்.

பலகை இடுக்குகளில் கலப்பற்று அடிப்பது தனித் தொழில். பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திரித்து, உளியும் மரச் சுத்தியலும் கொண்டு இடுக்கில் இறுக்கி, மேலே கொதிக்கும் கீலை ஊற்றுவார்கள். குறைவாக அடித்தால் ஒழுகும். அதிகமாக அடித்தால் பலகையையே பிரித்துத் தள்ளிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே பலகை ஊறி இறுகிக்கொள்ளும். மேலே வெயிலில் காய்ந்து இடுக்கு விரியும். அதனால் வெப்பக் கடலில் தளத்தைக் காலையும் மாலையும் கடல்நீரால் நனைப்பார்கள். சுத்தத்துக்காக மட்டும் அல்ல.

கட்டிய பிறகு வரும் பெரிய நோய் முதுகு வளைதல். கப்பலின் நடுப்பகுதி அகலம், அதைத் தண்ணீர் நன்றாகத் தூக்கும். இரு முனைகளும் ஒடுக்கம், தூக்கும் விசை குறைவு. ஆனால் பாரம் உண்டு. ஆண்டுக்கணக்கில் முனைகள் தொங்கி ஏரா வில்லாக வளையும். இணைப்புகள் தளரும், ஒழுகும்.

அடியில் செம்புத் தகடு எதற்கு?

மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்காக. பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையாமல் இருக்கவும். செம்பு மெல்லக் கரைந்துகொண்டே இருப்பதால் எதுவும் நிலைத்து ஒட்டாது.

இதில் ஒரு கண்ணி இருந்தது. கடல்நீரில் செம்பும் இரும்பும் அருகருகே இருந்தால் இரும்புதான் கரையும். 1780 வாக்கில் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் செம்பு அடித்தார்கள்; சில ஆண்டுகளிலேயே அடிப்பகுதி இரும்பு ஆணிகள் உள்ளுக்குள் கரைந்து போயிருந்தன. வெளியே பார்த்தால் கப்பல் பளபளக்கும், பிடிமானம் இருக்காது. அதன் பிறகுதான் நீர்மட்டத்துக்குக் கீழே செம்புக் கலவை ஆணிக்கு மாறினார்கள். டிரிங்கோமலி அந்தப் பாடம் கற்ற பிறகு வந்த கப்பல்.

இங்கிலாந்து போனதும் என்ன செய்தார்கள்?

சும்மா நிறுத்திவைத்தார்கள். வழியில் 1819 ஜனவரி 24 அன்று செயின்ட் ஹெலினா தீவில் நின்று, நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோவை ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மத் சேர்ந்தது. போர் முடிந்து நான்கு ஆண்டாகியிருந்தது. வேலை இல்லை. 1845 வரை ஒதுக்கத்தில் இருந்தது.

ஒதுக்கத்தில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பீரங்கி, பாய், மேல்மரங்கள், கயிறு, சரக்கு எல்லாம் இறக்கிவிடுவார்கள். தளத்துக்குக் கூரை போடுவார்கள். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்துக்கு எமன். உப்பு பூஞ்சையை அண்டவிடாது, நன்னீர் வளர்க்கும். கூரை போட்டாலும் காற்றோட்டம் வேண்டும். ஜன்னல் திறப்புகளை மூடியே வைத்தால் உள்ளே புழுங்கி மரம் உளுத்துப்போகும். தச்சரும் இன்னும் ஓரிருவரும் கப்பலிலேயே இருந்து பம்பு அடித்து, நங்கூரச் சங்கிலியைப் பார்த்துக்கொள்வார்கள். இதே லீடா வகையில் 1824-இல் இறங்கிய 'யூனிகார்ன்' ஸ்காட்லாந்தின் டண்டீயில் கூரையோடு நிற்கிறது. அதற்குப் பாய்மரமே ஏற்றவில்லை. அதனால்தான் அதன் மரம் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

1845-இல் என்ன மாற்றினார்கள்?

பீரங்கி எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றின் கனத்தையும் கூட்டினார்கள். 26 பெரிய பீரங்கி. பிரிகேட்டுக்கு அடுத்த சிறிய வகையான 'கார்வெட்' என்று வகையும் மாறியது. கப்பலின் பின்புறத்தையும் மாற்றினார்கள். பழைய சதுரப் பின்புறம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். எதிரி பின்னால் வந்து சுட்டால் குண்டு முழு நீளத்துக்கும் ஓடி அத்தனை பேரையும் அள்ளும். வளைந்த பின்புறத்துக்கு வலுவும் கூடுதல், அங்கிருந்து பல கோணத்தில் திரும்பிச் சுடவும் முடியும்.

சண்டை போட்டதா?

பெயர் சொல்லும்படி ஒரு கடற்போரும் இல்லை. டிராஃபல்கார் கடற்போரில் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது 1805. அப்போது இந்தக் கப்பலின் தேக்கு காட்டில் நின்றுகொண்டிருந்தது.

1847 முதல் 1850 வரை கேப்டன் ரிச்சர்ட் லெயர்ட் வாரன் தலைமையில் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடலில் சுற்றியது. ஹைட்டியில் கலகம் நடந்தபோது நின்றது, கியூபாமீது வரவிருந்த படையெடுப்பைத் தடுக்கப் போனது, அடிமை வணிகத்தைத் தடுக்கும் ரோந்தில் இருந்தது, நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் வரை போய்வந்தது. 1852 முதல் 1857 வரை கேப்டன் வாலஸ் ஹூஸ்டன் தலைமையில் பசிபிக். கிரிமியப் போர் அந்தக் கடலையும் எட்டியது. 1854-இல் ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்க்மீது ஆங்கில–பிரெஞ்சுப் படை நடத்திய தாக்குதல் படுதோல்வி. அதில் டிரிங்கோமலி இல்லை.

நீராவி வந்த பிறகும் பசிபிக்குப் பாய்மரக் கப்பலை ஏன் அனுப்பினார்கள்? அங்கே நிலக்கரி கிடைப்பது அரிது. காற்றுக்கு விலை கிடையாது.

மொத்தக் கணக்கு இது: கடற்படைப் பதிவேட்டில் 80 ஆண்டுகள், அதில் கடலில் உழைத்தது 10-க்கும் குறைவு. பாய்மரப் போர்க்கப்பலின் வாழ்க்கை பெரும்பாலும் கட்டி நிற்பதுதான். சண்டைக் கதைகளையே படித்தவர்களுக்கு இது உறைப்பதில்லை.

பீரங்கியை எப்படிச் சுடுவார்கள்?

முதலில் வைத்த 18 பவுண்டு பீரங்கியை எடுத்துக்கொள்வோம். குண்டு சுமார் 8 கிலோ, 5 அங்குல விட்டம். பீரங்கி மட்டுமே ஏறக்குறைய 2 டன். ஒன்றுக்குப் பத்துப் பேர் அளவில் வேண்டும்.

ஈரப் பஞ்சுக்கோலால் குழாயைத் துடைக்க வேண்டும். முந்தைய வெடியின் தீப்பொறி உள்ளே இருந்தால் புது மருந்து கையிலேயே வெடிக்கும். துணிப் பையில் கட்டிய மருந்து, சுமார் 6 பவுண்டு, உள்ளே போகும். பிறகு குண்டு. பிறகு கயிற்று அடைப்பு. அது இல்லாவிட்டால் கப்பல் சாயும்போது குண்டு உருண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றையும் கோலால் இடிக்க வேண்டும். பின் துளை வழியே ஊசியால் பையைக் குத்தி, மருந்து நிரப்பி, கப்பிக் கயிற்றை இழுத்துப் பீரங்கியை ஜன்னலுக்கு வெளியே தள்ளுவார்கள். சுட்டதும் வண்டி பின்னால் பாயும். கனத்த கயிறு பிடித்து நிறுத்தும். அந்தக் கயிறு நைந்திருந்தால் 2 டன் எடை தளத்தில் தறிகெட்டு ஓடும். பின்னால் நிற்கக்கூடாது என்பதே புதியவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

எதிர்க்காற்றில் எப்படிப் போகும்?

நேராகப் போகவே முடியாது. பருமலில், அதாவது பாய்மரத்தில் குறுக்கே கட்டிய மரத்தில், தொங்கும் சதுரப் பாய்க்கு, காற்று வரும் திசையிலிருந்து சுமார் 67 பாகை விலகித்தான் முன்னேற முடியும். வலப்புறம் ஓரோட்டம், இடப்புறம் ஓரோட்டம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். திரும்பும்போது அணியம், அதாவது கப்பலின் முன்முனை, காற்றைக் கடந்தாக வேண்டும். அதற்கு முன் வேகம் நன்றாக இருக்க வேண்டும். சுக்கானை ஒரேயடியாகத் திருப்பினால் அதுவே தடையாகி வேகத்தைக் கொல்லும். முன்பாயைக் காற்றுக்கு எதிராக நிற்கவிட்டு அணியத்தைத் தள்ளவைத்து, சரியான கணத்தில் நடுமரப் பருமலைச் சுழற்ற வேண்டும். கணம் தவறினால் கப்பல் காற்றுக்கு நேரே நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கும். கரை அருகே என்றால் ஆபத்து. ஆள் குறைவாக இருந்தாலோ அலை பெரிதாக இருந்தாலோ காற்றோடு சேர்ந்து முழு வட்டம் போட்டுத் திரும்புவதே மேல். ஏறிய தூரத்தில் கொஞ்சம் போகும், பாய்மரம் பிழைக்கும்.

கப்பலில் எத்தனை பேர்? எங்கே படுப்பார்கள்?

போர்க்கால அளவு சுமார் 300. தலைக்கு 14 அங்குல அகலத்தில் தூங்குவலை. பாதிப் பேர் எப்போதும் காவலில் இருப்பதால் நிஜத்தில் இரு மடங்கு இடம் கிடைக்கும். நாளுக்கு ஒரு பவுண்டு கடின பிஸ்கட், உப்புக்கண்டம், பட்டாணி.

'ஃபூத்ராயன்' என்பதும் இதே கப்பலா?

ஆம், குழப்பம் வருவது இயல்பு. பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் பயன்படுத்திய ஃபூத்ராயன் என்ற கப்பலை ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வர் வாங்கி வைத்திருந்தார். 1897 ஜூனில் பிளாக்பூல் கரையில் அது புயலில் உடைந்தது. டிரிங்கோமலியோ 1860 முதல் சண்டர்லாந்து, ஹார்ட்டில்பூல், சவுத்தாம்ப்டன் என்று கடற்படை ஒதுக்கப் படையினருக்குப் பயிற்சி தந்துவிட்டு, அதே 1897 மே 19 அன்று உடைத்து விற்பவர்களிடம் போயிருந்தது. காப் அதை வாங்கிச் செப்பனிட்டு, இழந்த கப்பலின் பெயரைச் சூட்டினார். உடைந்த கப்பலின் செம்பிலும் மரத்திலும் நினைவுப் பொருட்கள் செய்து விற்றும் பணம் திரட்டினார்கள். ஃபால்மத்திலும் பிறகு போர்ட்ஸ்மத்திலும் 1986 வரை இளைஞர்கள் தங்கிப் படகோட்டப் பழகும் கப்பலாக இருந்தது.

எப்போது பழையபடி ஆனது?

1987-இல் தெப்பக்கலத்தின்மேல் ஏற்றி ஹார்ட்டில்பூல் கொண்டுவந்தார்கள். 1990-இல் தொடங்கிய வேலை 2001-இல் முடிந்தது. 1992-இல் பழைய பெயர் திரும்பியது. மரத்தில் பாதிக்கு மேல் மூலக் கப்பலுடையது. இந்த வயதுக் கப்பலில் அது அபூர்வம்.

உலகிலேயே பழையது என்கிறார்களே?

தவறு. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பழையது. 1765-இல் இறங்கிய 'விக்டரி' வயதில் மூத்தது, ஆனால் 1922 முதல் உலர்தளத்தில் இருக்கிறது. 1797-இன் கான்ஸ்டிட்யூஷன் மிதக்கிறது, ஆனால் அமெரிக்காவுடையது.

கனடாவில் இந்தப் பெயர் எப்படி வந்தது?

பசிபிக் பணிக்காலத்தின் மிச்சம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்ட் ஸ்பிரிங், கலியானோ தீவுகளுக்கு இடையிலுள்ள 'டிரிங்கோமலி கால்வாய்' இந்தக் கப்பலின் பெயர். பக்கத்திலேயே ஹூஸ்டன் நீர்வழியும் உண்டு, கேப்டன் பெயரில்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

அணியத்தில் தலைப்பாகை கட்டிய இந்திய ஆணின் மார்பளவுச் சிற்பம். பிறகு கீழ்த்தளத்தில் இறங்கி, உத்திரம் சுவரில் சேரும் இடங்களைப் பாருங்கள். புது மரத்தையும் பழைய தேக்கையும் நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முயலலாம். தலையைக் குனிந்தே நடங்கள், உத்திரங்கள் தாழ்வு.